குருமூர்த்தி வைத்த நாலு ரக ஐஸ்

"யாரு காலி ட்ரேய ஃப்ரீசருக்குள்ள வெச்சது?"

நாமக்கல் பரமத்தி ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டு அடுப்படியிலிருந்து இந்தக் கேள்வி புறப்பட்டபோது பங்குனி மாதத்து மதியம் மணி இரண்டு. கேட்டவர் குருமூர்த்தி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வெல்டிங் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய குரல். கேள்வி தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகள் யுவஸ்ரீ சேலத்தில் விடுதியில் தங்கித் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். மிச்சம் குருமூர்த்தியும் அவர் மனைவி கோகிலவாணியும். கோகிலவாணிக்கு ஐஸ் சேராது. குடித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆக, அந்த ட்ரேயிலிருந்து இருபத்திரண்டு வருடமாகக் கட்டி எடுக்கிற ஆள் ஒரே ஆள்தான். எடுத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், காலி ட்ரேயைப் பத்திரமாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறவரும் அதே ஆள்தான். ஆனாலும் கேள்வி என்னவோ 'யாரு' என்று! நாட்டில் பாதி விசாரணை இப்படித்தானே தொடங்குகிறது?

"பூனையா இருக்குமுங்க" என்றாள் கோகிலவாணி, தையல் மிஷினை நிறுத்தாமல்.

"பூன எப்பிடி ஃப்ரீசரத் தொறக்கும்?"

"அதானுங்க நானும் ரோசன பண்றேன். தண்ணி ஊத்தி வெக்கத் தெரியாத பூனைக்குத் தொறக்க மட்டும் எப்பிடித் தெரியுது?"

குருமூர்த்திக்குச் சுருக்கென்றது. வெதுவெதுப்பான மோரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு சபதம் எடுத்தார். பன்னிரண்டு குழி ட்ரேயைக் கெஞ்சிக்கொண்டிருப்பதா? மலை மலையாக ஐஸ் கொட்டிக்கிடக்கிற இடத்துக்கே போகிறேன். காஷ்மீர்! கையில் அள்ளுவேன். காலில் மிதிப்பேன். யாரும் ஊற்றி வைக்க வேண்டாம்!

ஆசை புதிதல்ல. டூர் நடத்தும் கௌசிக்கிடம் பட்டறைக்கூட்டாளி ராசப்பனும் அவரும் போன வாரமே பேசியாகிவிட்டது. ஐந்து நாள், இரண்டு ஆம்பிளைகள், ஒரே கொண்டாட்டம். குறுக்கே நின்றது பழைய சரித்திரம் ஒன்று. கல்யாணமான புதிதில் கோகிலவாணியிடம் "காஷ்மீருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனவர் குருமூர்த்தி. "அதே குளுருதான் அம்மிணி, தூரந்தான் கம்மி" என்று விளக்கமும் சொன்னார். அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. அதுதான் பயமே. இப்போது போய் 'உன்னை விட்டுவிட்டு நான் போகிறேன், அதே காஷ்மீருக்கு' என்று எந்த வாயால் சொல்வது?

"ஐஸ் பாக்கோணும்னா மொதல்ல ஐஸ் வெக்கோணும் மாப்ள" என்றார் ராசப்பன்.

ராசப்பன் லாரி முதுகில் எழுதுகிறவர். மூன்றே சொல்லில் முரட்டு டிரைவரையும் கண்கலங்க வைக்கும் கை. வார்த்தை விஷயத்தில் அவரை நம்பாமல் யாரை நம்புவது? புது லாரியின் நிழலில் உட்கார்ந்து, தூரிகையைக் காதில் சொருகிக்கொண்டு, பாடம் நடத்தினார்.

"ஐஸுன்னா ஒரே ஐஸா? ரகம் இருக்குது. மொத ரகம் குச்சி ஐஸ். போற போக்குல ஒரு வரி. கலரு இருந்தாப் போதும், உள்ள ஒண்ணும் இருக்க வேண்டியதில்ல. ரெண்டாவது பால் ஐஸ். அது சாப்பாட்டு நேரத்துக்கு. மூணாவது சேமியா ஐஸ். கடிக்கறப்ப நடுவால நாலு சேமியா தட்டுப்படுமே, அந்த மாதிரி பொய்யிக்கு நடுவால நாலு நெசம் தட்டுப்படோணும்."

"நாலாவது?"

"கட்டி ஐஸ்! கல்யாண மண்டபத்துல எறக்கறாங்களே, கோணிச்சாக்குல சுத்தி, அந்த முழுக்கட்டி. அத அவங்க பொறந்த ஊட்டு ஆளுங்க முன்னால எறக்கோணும். டமார்னு!"

"உருகிப் போயிருச்சுன்னா?"

"உருகறதுக்குத்தான மாப்ள வெக்கறதே! ஆனா ஒண்ணு. கடைசி வரைக்கும் 'நான்'ங்கற வார்த்த மட்டும் உள்ள வரவே கூடாது. 'நான் போறேன்'னு சொன்னே, அத்தோட தீந்துது. அவங்களாப் பாத்து 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லோணும்."

"உங்கூட்டுல எப்பிடி?"

"அங்கயும் இதேதான். ஒரே ஃபேக்டரி சரக்கு" என்றார் ராசப்பன் பெருமையாக. அவர் மனைவி அமுதவல்லி. பக்கத்துத் தெரு. சாயங்காலமானால் அவளும் கோகிலவாணியும் ஒட்டுக்கா, ஒன்றாகவே, நடக்கப் போவார்கள். இந்தச் சின்னத் தகவலை இரண்டு மேதைகளும் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை குருமூர்த்தி குச்சி ஐஸோடு தொடங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டே, போற போக்கில்:

"என்ன அம்மிணி, இன்னிக்கு மூஞ்சியே பளிச்சுனு இருக்குது?"

"பல்பு மாத்தினனுங்க."

"என்ன?"

"வராண்டா பல்பு. மாத்தித் தாங்கன்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருந்தேன். நேத்து நானே ஸ்டூலு போட்டு ஏறி மாத்திட்டேன். அதான் பளிச்சுனு இருக்குது."

பரவாயில்லை. குச்சி ஐஸ் என்றால் சில சமயம் குச்சியோடு நழுவும். மதியம் பால் ஐஸை எடுத்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"கோகிலா, உன்ற கைப்பக்குவம் யாருக்கு வரும்? இருவத்திரெண்டு வருசத்துல இப்பிடி ஒரு கொழம்பு சாப்பிட்டதே இல்ல!"

"நெசமாலுமா?"

"சத்தியமா!"

"அமுதாகிட்டச் சொல்லிடறனுங்க. அவ குடுத்து உட்டது."

குருமூர்த்திக்குக் குழம்பு மூக்கில் ஏறியது. அதே நேரம் பக்கத்துத் தெருவில் ராசப்பன் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, திறந்து, "அமுதா, உன்ற கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தட்டில் இருந்தது கோகிலவாணி கொடுத்தனுப்பிய தட்டைப்பயறுக் குழம்பு.

அன்று சாயங்காலம் நடக்கப் போன இரண்டு பெண்களும் வழக்கத்தை விட ஒரு சுற்று எச்சாக நடந்தார்கள். திரும்பி வந்த கோகிலவாணியின் முகம் பல்பு இல்லாமலேயே பளிச்சென்று இருந்தது. 'வேலை செய்யுது!' என்று குருமூர்த்தி ராசப்பனுக்குச் செய்தி அனுப்பினார். 'இங்கயும்!' என்று பதில் வந்தது. இரண்டு பேரும் கட்டைவிரல் படம் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு நாள் விட்டு சேமியா ஐஸ். கோகிலவாணி முகூர்த்தத்துக்குத் தைக்க வந்த ரவிக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தால் டேப் வைக்காமலே அளவு சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணைப் பார்க்காமல் குருமூர்த்தி ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"ரோசன பண்ணிப் பாத்தேன் கோகிலா. இந்த ஊட்டுல ஓயாம ஒழைக்கறது நீ ஒருத்திதான்."

இது சேமியா. நிஜம்.

"காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிக்கறே. ஞாயித்துக்கெழம கூட லீவு கெடையாது."

சேமியா, சேமியா!

"இப்பிடி ஒழைக்கற மனுசருக்கு வருசத்துல ஒருக்காவாவது குளுகுளுன்னு எங்கியாவது போயி ஒடம்பத் தேத்திக்கோணும். இல்லீன்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அடுத்த வரியில் பொதுவான மனுசரிலிருந்து பட்டறை மனுசருக்குத் தாவுவது திட்டம். அதற்குள் மிஷின் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேசும்போது மிஷின் நின்றது அதுதான் முதல் தடவை! குருமூர்த்திக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க. மிஷின் சத்தத்துல பாதிதான் கேட்டுது" என்றாள் கோகிலவாணி. சொல்லிக்கொண்டே கைப்பேசியைத் தடவி மேசை மேல் வைத்தாள்.

குருமூர்த்தி இன்னொரு முறை சொன்னார். இம்முறை குரலில் ஒரு நடுக்கம் சேர்த்து.

"எங்க போறதுங்க, அப்பிடிக் குளுகுளுன்னு?"

"காஷ்மீரு!" வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. "அஞ்சே நாளுதான். நம்ம கௌசிக்கு கூட்டிட்டுப் போறான். ரெண்டு பேரு. அமுதா ஊட்டுலயும் பேச்சு ஓடிட்டிருக்குது."

இனி ஏற்காடு வரும். இருபத்திரண்டு வருடமும் வரும்.

ஒன்றும் வரவில்லை. கோகிலவாணி ஊசியில் நூல் கோத்தாள்.

"ரெண்டு பேராப் போறது நல்லதுதானுங்க, ஒருத்தருக்கொருத்தர் துணை. தாராளமாப் போலாமுங்க."

போலாமுங்க! குருமூர்த்தி ஒரு துள்ளு துள்ளினார். அந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்து ரவிக்கை மூட்டை உருண்டது. அவர் அதை எடுத்து வைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"கௌசிக்கு ஆதாரு கேட்டான். என்ற ஆதாரு எங்க கெடக்குதுன்னு..."

லாரிப் பாடியில் எந்தப் போல்ட் எந்த டப்பாவில் என்று கண்ணைக் கட்டினாலும் சொல்கிற மனிதர். தன் பெயரும் தன் படமும் போட்ட அட்டை தன் வீட்டில் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது! இதற்கு மறதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு பெயர் இருக்கிறது.

"நீங்க எதுக்குத் தேடறீங்க? அமுதாகிட்ட ஒண்ணு வாங்கிக்கறேன். போற ரெண்டு பேருதையும் நானே அனுப்பி வெச்சிடறேன்."

"நீ தங்கம்!" என்றார் குருமூர்த்தி. கௌசிக்கைக் கூப்பிட்டு, "ஊட்டுலருந்து ரெண்டு ஆதாரு வரும், அதப் பாத்து டிக்கெட்டப் போட்டுரு" என்றும் சொல்லிவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்த பிறகும் அடிக்கிற ஆட்கள் உண்டே! ஞாயிற்றுக்கிழமை தம்மம்பட்டியிலிருந்து கோகிலவாணியின் அண்ணன் சின்னண்ணன் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். கட்டி ஐஸ் இறக்க இதைவிட நல்ல நாள் வருமா? இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குருமூர்த்தி இறக்கினார். டமார்.

"மச்சா, உங்க தங்கச்சியோட தைரியம் யாருக்கு வரும்? தனியா உட்டாக்கூடக் காஷ்மீரு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவா! நானெல்லாம் எதுக்கு? அஞ்சு நாளு ஊட்டப் பாத்துக்கச் சொன்னா, பாத்துக்கிட்டு இருக்கத்தான் லாயக்கு!"

சின்னண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்ள, இந்த மனசு எந்த ஆம்பளைக்கு வரும்?"

"கேட்டுக்கிட்டீங்களாண்ணா? நீங்கதான் சாட்சி" என்றாள் கோகிலவாணி, அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றியபடி.

எல்லாரும் சிரித்தார்கள். குருமூர்த்திதான் ரொம்பச் சிரித்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் கால் தரையில் படவில்லை. குரங்குக் குல்லா வாங்கினார். கையுறை வாங்கினார். நல்ல பஞ்சு வைத்த ஜெர்கின் ஒன்று வாங்கி, அனல் அடிக்கிற மத்தியானத்தில் கண்ணாடி முன் போட்டுப் பார்த்துப் பார்த்து வியர்த்தார். புதன்கிழமை போட்டபோது தோளில் பிடித்தது.

"ஏங் கோகிலா, கடையில சரியாத்தான இருந்துது?"

"ஒடம்பு போட்டுட்டீங்க" என்றாள் அவள், வாயில் நாலு குண்டூசியோடு.

வியாழக்கிழமை பட்டறையில் போன் அடித்தது. கௌசிக்.

"அண்ணா, சனிக்கெழம காத்தால பத்து மணிக்கெல்லாம் அக்காங்க ரெண்டு பேரையும் கோயமுத்தூரு ஏர்போர்ட்டுல எறக்கி உட்ருங்க."

"எந்த அக்காங்க?"

"என்னங்ணா இப்பிடிக் கேக்கறீங்க? கோகிலவாணி அக்கா, அமுதவல்லி அக்கா. டிக்கெட்டு வந்துருச்சு. மொத தடவ ஏறறாங்களேன்னு ரெண்டு பேருக்கும் ஜன்னலோரமாப் போட்டிருக்கறேன்."

"அடேய்! அது நாங்கடா! பேர மாத்துடா!"

"பேரெல்லாம் மாத்த முடியாதுங்ணா. ஆதாருப்படிதான் ஆளு."

ஏணி மேல் நின்று ஒரு லாரியின் முதுகில் 'போய் வருகிறேன்' என்று எழுதிக்கொண்டிருந்த ராசப்பனுக்குக் கை ஆடிவிட்டது. கொம்பின் சுழி விட்டுப்போனது. 'பொய் வருகிறேன்' என்ற வாசகத்தோடு அந்த லாரி இன்றைக்கும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

குருமூர்த்தி வீட்டுக்குப் பறந்தார்.

"கோகிலா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறே? காஷ்மீருக்குப் போறேன்னு சொன்னது நானு!"

"எப்பங்க சொன்னீங்க?"

வாயைத் திறந்தார். யோசித்தார். குச்சியில் சொன்னோமா? பாலில்? சேமியாவில்? ராசப்பனின் விதிப்படி 'நான்' என்ற வார்த்தையை இந்த மூன்றிலும் உள்ளே விடவில்லையே! கட்டியில் நழுவிய ஒரே 'நான்' வீட்டைப் பார்த்துக்கொள்ள லாயக்கான 'நான்'! சந்தேகத்துக்கு அவள் கைப்பேசியைத் தட்டினாள். அவர் குரலே, நடுக்கத்தோடு, புறப்பட்டது: "இந்த ஊட்டுல ஓயாம ஒழைக்கறது நீ ஒருத்திதான்... இப்பிடி ஒழைக்கற மனுசருக்கு..."

"இதுல நீங்க எங்கங்க வாரீங்க?"

"போலாமுங்கன்னு நீதான சொன்னே?"

"சொன்னேன். போறேன்."

"உனக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"புளிக்கொழம்பு அன்னிக்கே அமுதாவும் நானும் ஒட்டுக்கா வெச்சுப் பாத்துட்டோம். ஒரே ஃபேக்டரி சரக்கு. ஏனுங்க, எனக்குத்தான் ஐஸ் சேராதுன்னு தெரியுமில்ல? வேற எதையாச்சும் வெச்சிருக்கக் கூடாதுங்ளா?"

மனிதர் கடைசி நம்பிக்கையாக மகளுக்குப் போன் போட்டார். படித்த பிள்ளை, நியாயம் சொல்லும்.

"யுவா, நீயே சொல்லு சாமி. ஒருத்தரப் பாத்து 'போலாமுங்க'ன்னு சொன்னா, போறது யாரு?"

"அப்பா, நான் போலாம், நீங்க போலாம், பூன கூடப் போலாம். அம்மா சொன்ன வாக்கியத்துல எழுவாயே வெளிய இல்ல. அதுக்குப் பேரு தோன்றா எழுவாய்."

"தோணாத எழுவாயா?"

"ஆமாப்பா. உங்களுக்குத் தோணல. அம்மாவுக்குத் தோணிருச்சு. அது போகட்டும், காஷ்மீருன்னு சொல்லி ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாருப்பா? அதுக்கு எழுவாய் நல்லாவே தெரியுதே?"

தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்குத் தம்மம்பட்டி இருந்தது, ஆனால் அங்கே சாட்சி முந்திக்கொண்டு, "மாப்ள, தங்கச்சி சொல்லுச்சு. நீங்க மனுசனே இல்ல, தெய்வம்!" என்று போனில் அழுதது. தெய்வம் டிக்கெட் கேட்க முடியுமா?

சனிக்கிழமை காலை கோகிலவாணி பெட்டியை மூடினாள்.

"அந்த ஜெர்கினக் குடுங்க."

"அது எனக்கு வாங்கினது. என்ற அளவு உனக்கு எப்பிடிச் சேரும்?"

"சேருமுங்க. ரெண்டு இஞ்சு புடிச்சுத் தெச்சுட்டேன், செவ்வாக்கெழமையே."

அப்போதுதான் குருமூர்த்திக்குத் தெரிந்தது, தன் உடம்பு அப்படியேதான் இருக்கிறது என்று. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை மதியம் பட்டறையிலிருந்து வேர்த்து ஊற்ற வீடு வந்தார். அடுப்பில் தானே வைத்த சோறு குழைந்து கிடந்தது. செம்பில் மோர் இருந்தது, வெதுவெதுப்பாக. கைப்பேசி அடித்தது. திரை முழுக்க வெள்ளை. வெள்ளைக்கு நடுவே அவர் ஜெர்கின். ஜெர்கினுக்குள் கோகிலவாணி. பின்னால் அமுதவல்லி ராசப்பனின் குரங்குக் குல்லாவோடு சறுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க! பாருங்க! மலையே ஐஸுங்க! அள்ள அள்ள வருதுங்க!" இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்காத குரல். கூவல். பத்து வயதுப் பிள்ளை போல. ஒரு கை நிறைய அள்ளி மேலே வீசினாள். "அமுதா, உடாத, அடி! ஏனுங்க, ஏற்காட்டுல இதுல ஒரு துளி கூட இல்லீங்க!"

"தொண்ட கட்டிக்கப் போவுது கோகிலா."

"குடிக்கலீங்க! வெளையாடத்தான செய்யறேன்! வெச்சிடட்டுங்ளா? இன்னும் ரெண்டு மலை பாக்கோணும்!"

திரை அணைந்தது. நாமக்கல் வெயில் ஜன்னல் வழியே தட்டு வரை வந்து உட்கார்ந்தது. குருமூர்த்தி மோரை எடுத்துக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தார். ட்ரேயை இழுத்தார்.

காலி.

வாயைத் திறந்தார், "யாரு..." என்று தொடங்கினார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மூடிக்கொண்டார்.